முழு இருதயத்தோடும் முழு மனதோடும்: தனி ஜெப நேரத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தனி ஜெபத்தில் வறட்சி என்று சபை மக்கள் சொல்லும்போது பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சொல்கிறார்கள். ஒரு சாரார் ஒழுங்காக வேதம் வாசிக்கிறார்கள், குறிப்பு எழுதுகிறார்கள், விளக்கவுரை பார்க்கிறார்கள். எந்த ராஜா எந்தக் காலம் என்று கேட்டால் டக்கென்று பதில் வரும். ஆனால் வாசித்ததைப் பற்றி ஆண்டவரிடம் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள். இன்னொரு சாரார் பாட்டு, கண்ணீர், நீண்ட ஜெபம் என்று இருப்பார்கள். வேதம் என்பது அவர்களுக்குக் காலையில் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வசனத்தோடு முடிந்துவிடும். முதல் வகையில் படிப்பு தலையிலேயே தங்கிவிடுகிறது. இரண்டாம் வகையில் மனநிலை சரியில்லாத நாளில் ஜெபமும் நின்றுபோகிறது.

பிரதான கற்பனை எது என்று கேட்டபோது இயேசு முழு இருதயம், முழு ஆத்துமா, முழு மனது, முழுப் பலம் என்று நான்கையும் சேர்த்தே சொன்னார் (மாற்கு 12:30). எம்மாவு ஊருக்குப் போன இரண்டு சீஷர்களின் சாட்சியைப் பார்த்தால் வரிசையும் தெரியும். வழியிலே அவர் வேதவாக்கியங்களை விளங்கக்காட்டினார். அப்போதுதான் அவர்களுடைய இருதயம் கொழுந்துவிட்டு எரிந்தது (லூக்கா 24:32). விளங்குவது முதலில், எரிவது அதன் வழியாக.

இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது: வசனத்தைப் புரிந்துகொள்வது, புரிந்ததைத் தன் நெஞ்சிடம் சொல்வது, பிறகு அதையே ஆண்டவரிடம் சொல்வது. நடுவில் இருப்பதைத்தான் பெரும்பாலோர் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதனால் அதற்கு இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம். மும்பையில் வாழும் தமிழ்க் குடும்பங்களை நினைத்து எழுதியது இது. ஒற்றை அறை வீடு, அதிகாலைத் தண்ணீர், லோக்கல் ரயில் எல்லாம் கணக்கில் உண்டு.

இடமும் நேரமும்

அரை மணி நேரம் போதும். தாராளமாக இருக்கிறவர்கள் கூட்டிக்கொள்ளலாம், ஆனால் தொடங்குகிறவர்கள் ஒரு மணி நேரம் என்று தீர்மானம் எடுக்க வேண்டாம். இரண்டாவது வாரத்திலேயே அது உடையும். உடைந்தபின் பத்து நிமிடமும் போய்விடும். பிரிவினை இப்படி வைத்துக்கொள்ளலாம்: அமர 2 நிமிடம், வாசித்துக் கவனிக்க 10, நெஞ்சோடு பேச 8, ஜெபிக்க 8, அன்றைய வரியை எழுத 2. கடிகாரத்தை ஒவ்வொரு கட்டத்துக்கும் பார்க்கத் தேவையில்லை. மொத்தத்துக்கு ஒரு அலாரம் வைத்தால் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்ற பதற்றம் போய்விடும்.

அதிகாலைதான் பரிசுத்தமான நேரம் என்று சட்டம் இல்லை. குழாயில் தண்ணீர் ஐந்து மணிக்கு வந்து ஆறரைக்கு நின்றுவிடும் வீட்டில், டிரம்மை நிரப்பவேண்டிய அம்மாவுக்கு அந்த நேரத்தில் அமர்ந்து தியானி என்று சொல்வது நியாயமே இல்லை. பிள்ளைகள் பள்ளிக்கும் கணவர் வேலைக்கும் போனபின், பத்து மணிக்குக் கிடைக்கும் அரை மணி நேரம் அவர்களுக்கு உத்தமம். இரவு ஷிப்ட் பார்க்கிறவர்கள் வீடு திரும்பி உடனே தொடங்கினால் உட்கார்ந்தபடியே உறங்கிவிடுவார்கள். தூங்கி எழுந்து, வேலைக்குக் கிளம்புமுன் செய்யட்டும். எந்த நேரமானாலும் தினமும் அதே நேரம் என்பதுதான் முக்கியம். நாளுக்கு நாள் நேரம் மாறினால், இன்றைக்கு எப்போது என்று யோசிப்பதிலேயே பொழுது போய்விடும்.

தாராவியிலோ சயான் கோலிவாடாவிலோ பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஐந்து பேர் தூங்கும்போது தனியறை எங்கே தேடுவது? சமையல் மேடை ஓரம், வாசற்படி, சால் என்னும் வரிசைக் குடியிருப்பின் பொது வராந்தா, மாடிப்படியின் கடைசிப் படி, இவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் மாட்டும் சின்ன விளக்கு வாங்கிக்கொண்டால் யாருடைய தூக்கத்தையும் கெடுக்க வேண்டாம். மாட்டுங்காவில் இருப்பவர்களுக்கு ஃபைவ் கார்டன்ஸ் பக்கத்திலேயே இருக்கிறது. மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில் காலை வேளைக்கு நல்ல இடம். வீட்டாரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். "இந்த அரை மணி நேரம் என்னைக் கூப்பிடாதீங்க" என்று வெளிப்படையாகச் சொன்னால், நடுவில் கூப்பிட்டபின் எரிச்சல்படுவது மிச்சம்.

எடுத்துக்கொள்ள வேண்டியவை: அச்சிட்ட வேதாகமம், நாற்பது பக்க நோட்டு ஒன்று, பென்சில், துண்டுச் சீட்டு. செல்போனில் வேதம் வாசிப்பது பாவமல்ல, ஆனால் அந்தத் திரையில்தான் ஆபீஸ் குழுவும் கிரிக்கெட் ஸ்கோரும் இருக்கின்றன. வேறு வழி இல்லாதவர்கள் ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு வாசிக்கவேண்டும்.

எந்தப் பகுதி, எவ்வளவு

கண்ணை மூடிப் பக்கத்தைத் திறந்து விரல் வைத்த இடத்தை வாசிக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒரு புத்தகத்தை எடுத்து முதலிலிருந்து கடைசி வரை வாசிக்கவேண்டும். அப்போதுதான் நேற்று வாசித்தது இன்றைக்கு உதவும்.

ஒரு நாளைக்கு 6 முதல் 12 வசனம். அதற்கு மேல் போனால் கவனிப்பு மேலோட்டமாகிவிடும். தொடங்குவதற்கு மாற்கு சுவிசேஷம் நல்லது. 16 அதிகாரம்தான், நாளுக்கு எட்டு, ஒன்பது வசனம் என்றால் மூன்று மாதத்துக்குள் முடியும். சம்பவங்கள் சின்னதாக, தெளிவாக இருப்பதால் ஒரு நாளுக்கு ஒரு சம்பவம் சரியாக அமையும். அடுத்து பிலிப்பியர், 4 அதிகாரம், 104 வசனம், இரண்டு வாரம். அதன்பின் சங்கீதங்களுக்குப் போகலாம். லேவியராகமமும் வெளிப்படுத்தின விசேஷமும் விலைமதிப்பற்றவைதான், ஆனால் தனி ஜெபப் பழக்கம் ஊன்றுவதற்குமுன் அவற்றில் தொடங்கியவர்கள் நடுவழியில் நின்றுவிடுவதுண்டு.

"வருஷத்தில் வேதம் முழுவதையும் வாசிக்கிறேனே, அது போதாதா?" வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். ஒரு வருஷத்தில் முடிக்க நாளுக்கு மூன்று, நான்கு அதிகாரம் வரும். அது நல்ல பழக்கம், அதை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த அரை மணி நேரத்துக்குள் அதைத் திணிக்காதீர்கள். நான்கு அதிகாரத்தை முடிக்கவேண்டும் என்ற அவசரத்தில் ஒரு வசனத்தில் நின்று பேச மனம் வராது. வருஷ வாசிப்பை ஒலி வேதாகமத்தில் ரயிலில் கேட்டு முடித்துக்கொள்ளலாம்.

மொழிபெயர்ப்பைப் பொறுத்தவரை, சபையில் கேட்டுக் காதில் ஊறியது எதுவோ அதுவே முதன்மையாக இருக்கட்டும். புராட்டஸ்டண்டு சபைகளில் அது பெரும்பாலும் 1871-இல் வந்த மொழிபெயர்ப்பின் வழி வந்த பழைய வேதாகமம். அதன் நடை மனப்பாடத்துக்கு எளிது. ஆனால் நிருபங்களில் வாக்கியம் நீண்டு அர்த்தம் பிடிபடாமல் போகும் இடங்கள் உண்டு. அங்கே 1995-இல் வெளியான திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பை ஒரு பார்வை பார்த்தால் முடிச்சு அவிழும். கத்தோலிக்கக் குடும்பங்கள் கையில் ஏற்கெனவே இருப்பது அதுதான்.

முதல் படி: அமர்வது

உட்கார்ந்தவுடன் நினைவுக்கு வருவதெல்லாம் கேஸ் புக் பண்ண வேண்டும், ஸ்கூல் ஃபீஸ் கடைசி தேதி, ஊரில் அப்பாவுக்கு போன் போடவில்லை என்பவைதான். அவற்றோடு சண்டை போடாமல் துண்டுச் சீட்டில் எழுதி ஓரமாக வையுங்கள். எழுதிவைத்துவிட்டால் மறந்துபோகும் என்ற பயம் இல்லை. நினைவும் தொந்தரவு பண்ணாது. அந்தச் சீட்டு வீணும் அல்ல, கடைசியில் அதுவே ஜெபக்குறிப்பாகும்.

பிறகு ஒரே ஒரு சின்ன ஜெபம். சங்கீதம் 119:18 அதற்கென்றே அமைந்தது: "உமது வேதத்திலுள்ள அதிசயங்களை நான் பார்க்கும்படிக்கு, என் கண்களைத் திறந்தருளும்." இதற்கு மேல் நீண்ட ஜெபம் இப்போது வேண்டாம். பிரிஸ்டல் நகரில் அநாதை இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லர் (1805–1898) பல வருஷங்கள் காலையில் எழுந்ததும் ஜெபத்தில்தான் தொடங்கினார். பத்து நிமிடம், கால் மணி, சில நாள் அரை மணி நேரம்கூட மனம் அலைந்துகொண்டே இருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். வேத தியானத்தை முதலில் வைத்து, அதிலிருந்து ஜெபத்துக்குப் போகத் தொடங்கிய பின்னரே அந்தத் தொல்லை நீங்கியது. ஜெபத்துக்குப் பேர்போன மனிதருக்கே அந்த வரிசை தேவைப்பட்டது.

இரண்டாம் படி: கவனித்து வாசிப்பது

இரண்டு தடவை வாசிக்கவேண்டும். முதல் தடவை வாய்விட்டு, மெல்லிய குரலில். கண் தாண்டிப்போகும் வார்த்தையை நாக்கு தாண்டாது. இரண்டாம் தடவை பென்சிலோடு. திரும்பத் திரும்ப வரும் சொல், யார் யாரிடம் பேசுகிறார் என்பது, "ஆகையால்", "ஆனாலும்", "உடனே" போன்ற இணைப்புச் சொற்கள், கேட்கப்படும் கேள்வி, இவற்றை அடிக்கோடிடுங்கள். பிறகு இந்தப் பகுதிக்கு முன்னே என்ன நடந்தது, பின்னே என்ன வருகிறது என்று பத்து வசனம் அளவுக்கு மேலும் கீழும் கண் ஓட்டுங்கள்.

நோட்டில் குறைந்தது மூன்று கவனிப்புகள், வசன எண்ணோடு, சொந்த வார்த்தையில். இந்தக் கட்டத்தில் "இதனால் நான் கற்றுக்கொண்டது" என்று எழுதக் கூடாது. பக்கத்தில் இருப்பதை மட்டும் எழுதுங்கள். பாடத்துக்கு அவசரப்பட்டால், பத்து வருஷமாகத் தெரிந்த பாடத்தையே மறுபடியும் எழுதுவீர்கள்.

உதாரணத்துக்கு மாற்கு 10:46–52, கண் தெரியாத பிச்சைக்காரன் பர்திமேயுவின் சம்பவம். ஏழே வசனம். ஞாயிறு பள்ளியிலிருந்து தெரிந்த கதை என்பதால் கண் வழுக்கிக்கொண்டு போகும். நிறுத்திப் பார்த்தால் இவ்வளவு இருக்கிறது:

48ஆம் வசனத்தில் அநேகர் அவனைப் பேசாதிருக்கும்படி அதட்டுகிறார்கள். அவன் முன்னிலும் அதிகமாய்க் கூப்பிடுகிறான். 49இல் "இயேசு நின்று" என்று வருகிறது. எருசலேமை நோக்கி நடந்துகொண்டிருந்தவர், ஒரு பிச்சைக்காரனின் சத்தத்துக்கு நிற்கிறார். சற்றுமுன் அதட்டிய அதே கூட்டத்தின் நடுவிலிருந்து இப்போது "திடன்கொள், எழுந்திரு, உன்னை அழைக்கிறார்" என்ற குரல் வருகிறது. 50இல் அவன் மேல்வஸ்திரத்தை எறிந்துவிட்டு எழுந்து வருகிறான்; வழியோரத்தில் உட்கார்ந்து பிச்சையெடுப்பவனுக்கு அதைவிடப் பெரிய சொத்து என்ன இருந்திருக்கும்? 51இல் உனக்கு நான் என்ன செய்யவேண்டும் என்று இயேசு கேட்கிறார்.

இப்போது மேலே கண் ஓட்டுங்கள். 36ஆம் வசனத்தில் ஏறக்குறைய இதே கேள்வியை அவர் யாக்கோபிடமும் யோவானிடமும் கேட்டிருக்கிறார். அவர்கள் வலதுபக்கமும் இடதுபக்கமும் ஆசனம் கேட்டார்கள். பர்திமேயு பார்வை கேட்டான். கீழே கண் ஓட்டினால் 11ஆம் அதிகாரம் எருசலேம் பிரவேசம். ஆக 52ஆம் வசனத்தில் அவன் "வழியிலே இயேசுவுக்குப் பின்சென்றான்" என்பது சிலுவைக்குப் போகிற வழி.

இவ்வளவும் பத்து நிமிட வேலைதான். விளக்கவுரை தேவைப்படவில்லை, அடுத்த வசனத்தைப் பார்க்கும் பொறுமைதான் தேவைப்பட்டது. விளக்கவுரையைத் தள்ளச் சொல்லவில்லை. அதைச் சனிக்கிழமைக்கு வையுங்கள். முதலிலேயே திறந்தால் விளக்கவுரை எழுதியவர் கண்டதை நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள், நீங்களாகக் காண மாட்டீர்கள்.

மூன்றாம் படி: நெஞ்சோடு பேசுவது

மூன்று கவனிப்பில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எதைப் பார்த்துப் பென்சில் நின்றதோ, எது கொஞ்சம் உறுத்தியதோ அது. மற்ற இரண்டும் நல்லவைதான், நோட்டில் இருக்கட்டும். மூன்றையும் சுமக்கப் பார்த்தால் ஒன்றும் உள்ளே இறங்காது.

தேர்ந்தெடுத்ததை வைத்துக்கொண்டு உங்கள் ஆத்துமாவிடம் நீங்களே பேசுங்கள். விசித்திரமாகத் தோன்றினால் சங்கீதக்காரனைப் பாருங்கள். "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?" என்று அவன் தன்னையே கேட்கிறான். 42ஆம் சங்கீதத்தில் 5லும் 11லும், பிறகு 43:5லும், மூன்று தடவை. ஒரு தடவை சொன்னதும் கலக்கம் போய்விடவில்லை, அதனால் மறுபடியும் சொல்கிறான். 103ஆம் சங்கீதம் முதல் இரண்டு வசனத்திலும் அதே பேச்சுதான்: "அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே." மறந்துபோகும் நெஞ்சு என்று தெரிந்துதான் அப்படிச் சொல்கிறான்.

எப்படிப் பேசுவது? மூன்று கேள்வி உதவும். இது உண்மையானால், நேற்று நான் நடந்துகொண்ட விதத்தில் இதை நம்பினது தெரிகிறதா? இதை நம்பாததால் எனக்குள் என்ன பயம், என்ன கோபம், என்ன பொறாமை வளர்ந்திருக்கிறது? இதை இன்றைக்கு நம்பினால், காலை பத்து மணிக்குள் என்ன மாறும்? மூன்றாவதில் "பத்து மணிக்குள்" என்று சின்ன வட்டம் போட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. "இனிமேல் வாழ்நாள் முழுவதும்" என்று கேட்டால் நெஞ்சு சுலபமாகச் சரி என்று சொல்லித் தப்பித்துவிடும்.

பர்திமேயுவுக்கே வருவோம். "இயேசு நின்றார்" என்பதை எடுத்துக்கொண்டவர் இப்படிப் பேசலாம்: "நெஞ்சே, இந்த ஊரில் உனக்காக யாரும் நிற்பதில்லை என்று நீ நினைக்கிறாய். தாதர் பாலத்தில் இடித்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்துப் பார்த்து ஆண்டவரும் அப்படித்தான் கடந்துபோகிறார் என்று முடிவுகட்டிவிட்டாய். அதனால்தான் அந்தக் காரியத்தைக் கேட்பதையே நிறுத்தினாய். ஆனால் இங்கே சிலுவைக்குப் போகிற அவசரத்திலும் அவர் நின்றிருக்கிறார்." இந்த நான்கு வரியை முணுமுணுப்பாகச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. உள்ளே ஏதோ அசைவது தெரியும்.

அசையவில்லை என்றாலும் பரவாயில்லை. இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். உணர்வு வரவேண்டும் என்று சோகமான பாட்டைப் போடுவது, குரலை நடுங்கவைப்பது, கண்ணீருக்காகக் காத்திருப்பது எல்லாம் வேண்டாம். வரவழைத்த உணர்வு வீட்டு வாசலைத் தாண்டுமுன் ஆறிவிடும். சத்தியத்தை நெஞ்சுக்கு எதிரே வைத்துக்கொண்டே இருங்கள். சூடு ஏறுவது அதன் வேலை. சில நாளில் உடனே ஏறும், சில நாளில் மாலையில் பாத்திரம் கழுவும்போது ஏறும்.

பாட்டு கூடாது என்பதல்ல. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) முதலானோர் செய்த கீர்த்தனைகளும், பாமாலைகளும் வீட்டில் இருந்தால், அன்றைய கருத்தோடு ஒத்த ஒரு சரணத்தைத் தேடிப் பாடலாம். கருத்து முதலில், பாட்டு அதன் பின்னால். "ஆவியோடும் பாடுவேன், கருத்தோடும் பாடுவேன்" என்று பவுல் இரண்டையும் சேர்த்து எழுதியது கொரிந்து சபைக்கு (1 கொரிந்தியர் 14:15).

நான்காம் படி: "அவர்" என்பதை "நீர்" ஆக்குவது

23ஆம் சங்கீதத்தைக் கவனியுங்கள். முதல் மூன்று வசனத்தில் "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்", "அவர் என்னைப் புல்லுள்ள இடங்களில் மேய்த்து" என்று கர்த்தரைப் பற்றிப் பேசுகிறான். நான்காம் வசனத்தில் மரண இருளின் பள்ளத்தாக்கு வந்ததும் பேச்சு மாறுகிறது: "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்." அவரைப் பற்றிச் சொன்னது அவரிடமே சொல்வதாகிவிட்டது. நோட்டில் இருக்கும் கவனிப்பையும் அப்படியே மாற்றுங்கள். "இயேசு நின்றார்" என்று எழுதியதை "ஆண்டவரே, நீர் நின்றீர்" என்று சொல்லுங்கள். தனி ஜெபத்தில் மனதும் இருதயமும் சந்திக்கும் இடம் இதுதான், இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

அங்கிருந்து ஜெபம் நீள்வதற்கு ஒரு பழைய வழி உண்டு. மார்ட்டின் லூத்தரின் முடிதிருத்துபவரான பேதுரு என்பவர் எப்படி ஜெபிப்பது என்று கேட்டதற்கு, லூத்தர் 1535-இல் ஒரு சிறு பதில் எழுதிக்கொடுத்தார். பத்துக் கட்டளைகளில் ஒவ்வொன்றையும் நான்கு இழையாகப் பிரித்துக்கொள் என்றார்: அது என்ன போதிக்கிறது, அதற்காக எதற்கு நன்றி சொல்லலாம், எதை அறிக்கையிட வேண்டும், எதைக் கேட்க வேண்டும். எந்த வேதப் பகுதிக்கும் இது பொருந்தும். பர்திமேயுவில் இப்படி வரும்:

போதனை: "ஆண்டவரே, கூட்டம் அதட்டினவனுக்காக நீர் நின்றீர்." நன்றி: "என் அப்பாவின் ஆபரேஷன் நாளிலும் நீர் அப்படித்தான் நின்றீர், ஸ்தோத்திரம்." அறிக்கை: "நானோ யாக்கோபைப் போல ஆசனம் கேட்டேன், ஆபீசில் அவனுக்குக் கிடைத்த இடம் எனக்கு வராததில் கசந்துபோயிருக்கிறேன்." விண்ணப்பம்: "நான் பார்க்கவேண்டியதைப் பார்க்கும்படி கண்ணைத் திறவும்."

ஒவ்வோர் இழைக்கும் ஒன்று, இரண்டு வாக்கியம் போதும். ஆனால் அது பெயர் சொல்லும் வாக்கியமாக இருக்கவேண்டும். "எல்லா நன்மைகளுக்காகவும் ஸ்தோத்திரம், எல்லாப் பாவங்களையும் மன்னியும்" என்றால் மனம் பாதியிலேயே வெளியே போய்விடும். பிடித்துக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. ஓர் இழையில் நெஞ்சு இளகினால் அங்கேயே நில்லுங்கள், மற்ற மூன்றும் நாளைக்கு ஆகட்டும். லூத்தரும் அதைத்தான் சொன்னார்.

சபை ஜெபத்தில் பழகிய நடையிலேயே தனியாகவும் ஜெபிக்கத் தேவையில்லை. அம்மாவிடம் பேசும் தமிழில் பேசலாம். மரியாதைக்கு "நீர்" என்ற சொல்லே போதும்.

கடைசியில் அந்தத் துண்டுச் சீட்டையும் ஜெபக்குறிப்புகளையும் எடுங்கள். எல்லாப் பெயரையும் தினமும் வாசித்தால் அது வருகைப் பதிவேடு போலாகிவிடும். வீட்டாருக்காகத் தினமும், மற்றவற்றைக் கிழமைவாரியாகப் பிரியுங்கள். திங்கள் வேலை இடம், செவ்வாய் ஊரில் இருப்பவர்கள், புதன் நோயாளிகள், இப்படி. ஒரு நாள் இந்த நகரத்துக்காக ஒதுக்குங்கள்.

ஐந்தாம் படி: ஒரு வரி, ஒரு ரயில்

முடிக்குமுன் அன்றைய வசனத்தில் ஒரு துண்டைச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பத்து வார்த்தைக்குள். கல்யாணிலிருந்து சிஎஸ்எம்டிக்கு ஃபாஸ்ட் லோக்கலிலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல். கூட்டத்தில் புத்தகம் விரிக்க முடியாது, கை கம்பியில் இருக்கும். ஆனால் ஒரு வரியை மனதுக்குள் உருட்ட முடியும். "திடன்கொள், எழுந்திரு, உன்னை அழைக்கிறார்" என்பதை ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு தடவை சொல்லிக்கொண்டே போனால், இறங்குமுன் மனப்பாடம்.

நீண்ட பகுதிக்கு முதலெழுத்து முறை நல்லது. ஒவ்வொரு வார்த்தையின் முதல் எழுத்தை மட்டும் சீட்டில் எழுதி, அதைப் பார்த்து முழு வசனத்தையும் சொல்லிப்பாருங்கள். வாரத்துக்கு ஒரு வசனம் என்று 103ஆம் சங்கீதத்தின் முதல் ஐந்து வசனத்தை ஒன்றேகால் மாதத்தில் முடித்துவிடலாம். பழைய வசனத்தைத் தினமும் ஒரு தடவை சொல்லாவிட்டால் புதியது வரும்போது அது போய்விடும்.

எங்கே தடுமாறும், ஏன்

*வாக்குத்தத்த வசனம் மட்டும் போதும் என்பது.* காலையில் பூப்படத்தோடு வரும் எரேமியா 29:11 எல்லாருக்கும் தெரியும்: சமாதானத்துக்கேதுவான நினைவுகள். அதற்கு முந்தின வசனத்தை அந்தப் படத்தில் யாரும் போடுவதில்லை. பாபிலோனில் எழுபது வருஷம் ஆகும் என்கிறது அது. சிறைப்பட்டுப்போனவர்களுக்கு எழுதிய கடிதம் அந்த அதிகாரம். வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், இருக்கும் பட்டணத்தின் சமாதானத்துக்காக விண்ணப்பம்பண்ணுங்கள் என்று 5 முதல் 7 வரை சொல்லிவிட்டுத்தான் 11 வருகிறது. ஊரைவிட்டு வந்து செம்பூரிலோ டோம்பிவிலியிலோ வேரூன்றப் பார்க்கும் குடும்பத்துக்கு அந்த முழுக் கடிதமும் தேவை. வசனத்தை அனுப்பியவரைக் குறை சொல்லாதீர்கள். அதிகாரத்தைத் திறந்து பாருங்கள்.

*தூக்கம்.* பெரும்பாலும் இது ஆவிக்குரிய பிரச்சினை அல்ல, முந்தின இரவுப் பிரச்சினை. பதினொன்றரை வரை போன் பார்த்துவிட்டு ஐந்து மணிக்கு எழுந்தால் வேறென்ன வரும்? நின்றுகொண்டு வாசியுங்கள், வராந்தாவில் நடந்துகொண்டு ஜெபியுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் நேரத்தை மாற்றுங்கள்.

*நோட்டு தேர்வுத்தாள் ஆகிவிடுவது.* பக்கம் பக்கமாக எழுதும் ஆர்வம் இருப்பவர்களுக்கு இது நேரும். பிறருக்குப் பகிரலாம் என்ற நினைப்பு வந்துவிட்டால் எழுத்து ஆண்டவரை விட்டு வாசகரை நோக்கித் திரும்பிவிடும். ஒரு நாளைக்கு அரைப் பக்கம் என்று எல்லை வையுங்கள். படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடாதீர்கள்.

*நெடுநாள் வறட்சி.* வாரக்கணக்கில் ஒன்றும் உறைக்கவில்லை என்றால் சொந்த வார்த்தையை நிறுத்திவிட்டு, சங்கீதத்தையே உங்கள் ஜெபமாக வாய்விட்டு வாசியுங்கள். ஆறே வசனம் உள்ள 13ஆம் சங்கீதம் "எதுவரைக்கும்" என்று தொடங்குகிறது. 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, ஆறுதல் வரி ஒன்றும் கடைசியில் இல்லை. அப்படிப்பட்ட ஜெபமும் வேதத்துக்குள் இருக்கிறது. நீங்களும் அப்படி வரலாம். கூடவே உடம்பையும் பாருங்கள். தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் பிடிப்பில்லாத நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் போதகரிடம் சொல்வதோடு மருத்துவரையும் பாருங்கள். விசுவாசக் குறைவு என்று உங்களை நீங்களே அடித்துக்கொள்ளாதீர்கள், மற்றவர் அப்படிச் சொன்னாலும் ஏற்கவேண்டாம்.

*விட்டுப்போன நாட்கள்.* நான்கு நாள் விட்டுப்போனால் ஐந்தாம் நாள் ஐந்து பகுதியை வாசிக்க உட்கார வேண்டாம். நிறுத்திய இடத்திலிருந்து ஒரு பகுதி மட்டும். கடன் அடைக்கும் நினைப்போடு வருகிறவருக்குக் கிருபையைப் பற்றி வாசித்தாலும் உறைக்காது.

தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள்

மும்பையில் வளர்ந்த பிள்ளைகள் பலர் வீட்டில் தமிழ் பேசுவார்கள், ஆனால் எழுத்து கூட்டி வாசிக்க வராது. இந்தியும் மராத்தியும் ஆங்கிலமும் வாசிப்பார்கள். அவர்கள் கையில் தமிழ் வேதாகமத்தைக் கொடுத்து தியானம் பண்ணு என்றால், எழுத்துக் கூட்டுவதிலேயே மனது செலவாகிவிடும். எந்த மொழியில் தடையின்றி வாசிப்பார்களோ அதில் வாசிக்கட்டும், கவனிப்பையும் அதில் எழுதட்டும். நான்காம் படிக்கு வரும்போது எந்த மொழியில் அழுவார்களோ அந்த மொழியில் ஜெபிக்கட்டும். இரண்டும் ஒரே மொழியாக இருக்கவேண்டும் என்று இல்லை. தமிழை விட்டுவிட மனமில்லாவிட்டால் ஒலி வேதாகமத்தில் அதே பகுதியைக் கேட்கச் சொல்லுங்கள். ஞாயிறு ஆராதனையில் அந்த வசனம் காதில் விழும்போது பழகியதாக இருக்கும்.

இரவுக் குடும்ப ஜெபத்தையும் இதோடு இணைக்கலாம். பத்து நிமிடம் போதும்: காலையில் பெரியவர் தியானித்த அதே பகுதியை ஒருவர் சத்தமாக வாசிக்க, ஒவ்வொருவரும் ஒரு கவனிப்பைச் சொல்லட்டும். "என்ன கற்றுக்கொண்டாய்?" என்று பிள்ளையைக் கேட்டால் பெரியவர்களுக்குப் பிடித்த பதில்தான் வரும். "என்ன பார்த்தாய்?" என்று கேளுங்கள். அந்த மேல்வஸ்திரத்தை அவன் ஏன் எறிந்தான், திரும்பி வந்து எடுத்துக்கொண்டானா என்று ஒரு பிள்ளை கேட்கக்கூடும். பதில் அந்தப் பகுதியில் இல்லை. இல்லை என்றே சொல்லிவிட்டு, கேள்வியை நோட்டில் அவன் பெயரோடு எழுதிவையுங்கள். ஞாயிற்றுக்கிழமை போதகரிடம் அவனே கேட்கட்டும்.